பழைய டெலிபிரிண்டரும் ஓட்டை நாடாவும்: எதை வைத்து அடையாளம் காண்பது?

பழைய பொருள் கடை ஒன்றில் மஞ்சளேறிய காகிதச் சுருள் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு விரல் அகலம்தான் இருக்கும். நெடுக ஓட்டை ஓட்டையாக இருந்தது. "இது தறிக்குப் போடுற அட்டையா சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

கேள்வியில் தப்பே இல்லை. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அட்டையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் பாவு இழை தூக்கும், தூக்காது. பிரான்சின் லியோன் நகரில் பசீல் பூஷோன் என்பவர் 1725-லேயே ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் மாட்டிப் பார்த்திருக்கிறார். தறி அட்டையில் ஓட்டை இழைக்கு ஆணை கொடுக்கிறது. நான் வாங்கி வந்த சுருளில் ஓட்டை எழுத்துக்கு ஆணை கொடுக்கிறது. அது டெலிபிரிண்டர் நாடா.

இப்படி ஒரு நாடாவோ மெஷினோ உங்கள் கையில் கிடைத்தால் அது என்ன, எந்தக் காலத்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அளவுகோலும் கொஞ்சம் பொறுமையும் போதும். நான் எப்போதும் நாடாவிலிருந்துதான் தொடங்குவேன். மெஷினின் மூடியை மாற்றியிருக்கலாம், பெயர்ப் பலகை கழன்று போயிருக்கலாம். ஓட்டை மாறாது.

முதலில் டெலிபிரிண்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இரண்டு தட்டச்சு மெஷின்களைக் கம்பியால் இணைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விசையை அழுத்தினால் அங்கே அந்த எழுத்து அச்சாகும். மோர்ஸ் தெரிந்த ஆள் தேவையில்லை. தந்தி அலுவலகம், செய்தித்தாள் அலுவலகம், ரயில்வே, வங்கி எல்லா இடத்திலும் இது ஓடியது. பி.டி.ஐ. என்ற செய்தி நிறுவனத்தின் செய்திகள் பத்திரிகை அலுவலகங்களுக்கு இதில்தான் வந்து விழுந்தன. 'டெலிடைப்' என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயர். நகல் எடுப்பதை நாம் 'ஜெராக்ஸ்' என்று சொல்வதுபோல, எந்த டெலிபிரிண்டரையும் டெலிடைப் என்று அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதனால் ஒருவர் டெலிடைப் என்று சொன்னதை மட்டும் வைத்து அது அந்த நிறுவனத்தின் மெஷின் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

சரி, நேரடியாகத் தட்டச்சு செய்தே அனுப்பலாமே, நாடா எதற்கு? கம்பி இணைப்புக்கு நேரக் கணக்கில் காசு. மனிதர் யோசித்து யோசித்துத் தட்டினால் இணைப்பு சும்மா கிடக்கும். அதனால் முதலில் செய்தியை நாடாவில் ஓட்டையாகக் குத்தி வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் நாடாவை ரீடரில் (ஓட்டையைப் படிக்கும் உறுப்பில்) மாட்டி முழு வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். இடையில் இருக்கும் பெரிய தந்தி நிலையங்களில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு லைனில் வந்த செய்தி நாடாவாகவே வெளியே வரும். ஊழியர் அதைக் கிழித்தெடுத்து, அடுத்த ஊருக்குப் போகும் லைனின் ரீடரில் மாட்டுவார். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டிய வேலையே இல்லை.

முதல் வேலை: ஓட்டையை எண்ணுவது

நாடாவை மேசையில் நீளவாக்கில் வையுங்கள். நெடுகிலும் ஒரே வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அவை நாடாவைப் பல் சக்கரம் இழுப்பதற்கானவை, அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெரிய ஓட்டைகள்தான் எழுத்து. ஒவ்வொரு சின்ன ஓட்டைக்கும் நேர் குறுக்கே ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். குறுக்கே அதிகபட்சம் எத்தனை பெரிய ஓட்டைக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஓட்டை விழுந்த குறுக்கு வரிசை ஒன்று எங்கேயாவது பெரும்பாலும் இருக்கும், அதில் எண்ணுவது எளிது.

ஐந்து என்றால் நாடாவின் அகலம் சுமார் 17.5 மி.மீ. இருக்கும். தந்தி, டெலக்ஸ் (தொலைபேசிபோல எண் போட்டு ஒரு டெலிபிரிண்டரை இன்னொன்றோடு இணைக்கும் சேவை), செய்தி நிறுவனங்கள் எல்லாம் பயன்படுத்தியது இதைத்தான். எட்டு என்றால் அகலம் 25.4 மி.மீ., அதாவது சரியாக ஓர் அங்குலம். இது கணினி, தொழிற்சாலை மெஷின் பக்கத்துச் சரக்கு. நடுவில் ஆறு ஓட்டை வகை ஒன்றும் உண்டு. பத்திரிகை அச்சகங்களில் லைனோடைப் என்ற அச்சுக் கோக்கும் மெஷினை ஓட்டப் பயன்பட்டது, அகலம் சுமார் 22 மி.மீ. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் அச்சுக் கோக்க வேண்டியிருந்ததால் அவர்களுக்கு ஐந்து போதவில்லை.

எந்த வகையானாலும் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே உள்ள தூரம் 2.54 மி.மீ. அங்குலத்துக்குப் பத்து எழுத்து. உங்கள் கையில் 1 மீட்டர் நாடா இருந்தால் அதில் ஏறக்குறைய 400 எழுத்துகள் இருக்கின்றன என்று உடனே சொல்லிவிடலாம்.

சில நாடாக்களில் ஓட்டை முழுதாக விழுந்திருக்காது. வட்டத்தில் பெரும்பகுதி வெட்டப்பட்டு ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டு, சின்ன மூடிபோல நிற்கும். மெஷின் கெட்டுப்போனதால் அப்படி ஆகவில்லை. அதே நாடாவின் மேல் எழுத்தையும் அச்சடிப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்த வகை அது. அச்சடித்த எழுத்தும் அதற்குரிய ஓட்டையும் ஒரே இடத்தில் இருக்காது, சில எழுத்து தூரம் தள்ளியிருக்கும். இந்த மூடிகளைப் பிய்த்துவிட வேண்டாம்.

ஐந்து ஓட்டை: கையாலேயே படிக்கலாம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் இதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு அல்லது இல்லை. மொத்தம் 32 சேர்க்கைகள். ஆங்கில எழுத்து 26, எண் 10, அதற்கு மேல் நிறுத்தக்குறிகள். 32-க்குள் எப்படி அடங்கும்? இரண்டு சேர்க்கைகளைச் சாவிபோல ஒதுக்கிவைத்தார்கள். ஒன்று வந்தால் 'இனி வருவதெல்லாம் எழுத்து' என்று பொருள். மற்றொன்று வந்தால் 'இனி வருவதெல்லாம் எண்ணும் குறியும்'. அடுத்த சாவி வரும்வரை அதே நிலை நீடிக்கும். முன்னதை எழுத்துச் சாவி என்றும் பின்னதை எண் சாவி என்றும் வைத்துக்கொள்வோம்.

ஐந்து குறி முறையை 1870-களில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் பூதோ. அவருடைய மெஷினில் ஐந்தே விசைகள். இடக்கை விரல்களுக்கு இரண்டு, வலக்கை விரல்களுக்கு மூன்று. பியானோ வாசிப்பதுபோல ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். 1901 வாக்கில் நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மரே இந்த அட்டவணையைக் கலைத்துப் புதிதாக அடுக்கினார். அவருடைய மெஷினில் தட்டச்சு விசைப்பலகை வந்துவிட்டதால் விரலுக்கு எது எளிது என்ற கவலை போய்விட்டது. மெஷின் தேய்மானம்தான் அவருக்குக் கவலை. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைவான ஓட்டை என்று வைத்தார். ஒரே ஒரு ஓட்டையில் முடியும் சேர்க்கைகள் ஐந்துதான் சாத்தியம். பின்னாளில் உலகம் முழுவதும் நிலைத்த அட்டவணையில் அந்த ஐந்தையும் யார் பிடித்தார்கள் தெரியுமா? ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'இ', 'டி' (ஆங்கில வரிசையில் இருபதாவது) என்ற இரண்டு எழுத்துகள், சொற்களுக்கு இடையே விடும் இடைவெளி, அச்சடிக்கும் தலையை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும் ஆணை, அடுத்த வரிக்குக் காகிதத்தை நகர்த்தும் ஆணை.

மரேயின் அமைப்பை ஒட்டி வந்த அந்தப் பொது அட்டவணைக்குச் சர்வதேசத் தந்தி அகரவரிசை எண் 2 என்று பெயர். பலர் இதையே 'பூதோ கோட்' என்று சொல்கிறார்கள். வாய்வழக்காகச் சொல்லலாம், ஆனால் பூதோவின் அசல் அட்டவணை வேறு. இணையத்தில் அட்டவணை தேடும்போது இதைக் கவனிக்காவிட்டால் ஒரு சொல்கூடச் சேராது.

இப்போது ஒரு துண்டைப் படித்துப் பார்ப்போம். சின்ன ஓட்டை வரிசைக்கு ஒரு பக்கம் இரண்டு இடமும் மறுபக்கம் மூன்று இடமும் இருக்கும். இரண்டு இடம் உள்ள பக்கம்தான் தொடக்கம். 'மெட்ராஸ் 32' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், அதாவது கிண்டியின் பழைய அஞ்சல் முகவரியைத் தட்டினால், நாடாவில் இப்படி விழும். நடுப்புள்ளி சின்ன ஓட்டை, கறுப்பு வட்டம் எழுத்து ஓட்டை:

●● · ●●● எழுத்துச் சாவி
○○ · ●●● எம்
●● · ○○○ ஏ
●○ · ○●○ டி (ஆங்கில வரிசையில் நான்காவது)
○● · ○●○ ஆர்
●● · ○○○ ஏ
●○ · ●○○ எஸ்
○○ · ●○○ இடைவெளி
●● · ○●● எண் சாவி
●○ · ○○○ 3
●● · ○○● 2

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். ஒற்றை ஓட்டையுள்ள அந்த 3, எழுத்து நிலையில் இருந்திருந்தால் 'இ'. அதற்கடுத்த 2, 'டபிள்யூ'. எண் சாவியை நீங்கள் கவனிக்காமல் தாண்டிவிட்டால் 32 என்பது 'இ டபிள்யூ' ஆகிவிடும். எந்த எழுத்து எந்த எண்ணாகும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆங்கில விசைப்பலகையின் மேல் எழுத்து வரிசையை இடமிருந்து வலமாகப் பாருங்கள்: கியூ 1, டபிள்யூ 2, இ 3 என்று போய் கடைசியில் பி பூஜ்யம். அவ்வளவுதான்.

எனக்கு முதலில் பெரிய குழப்பம் தந்தது நாடாவின் திசை. இரண்டு இடமுள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாலும், நாடாவின் முதுகுப் பக்கம் மேலாகத் திரும்பியிருந்தால் செய்தி வலமிருந்து இடமாக ஓடும். ஒரு மாலை முழுவதும் ஒரு சொல்கூடப் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் வழி புரிந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் தலை திரும்பும் ஆணை முதலில் வரும் (○○ · ○●○), காகிதம் நகரும் ஆணை அடுத்து வரும் (○● · ○○○). தலை திரும்ப நேரம் பிடிக்கும் என்பதால் அந்த ஆணையை முந்தி அனுப்புவது வழக்கம், சில சமயம் இரண்டு முறையும் அனுப்புவார்கள். இந்த ஜோடி எந்தத் திசையில் சரியான வரிசையில் வருகிறதோ அதுதான் படிக்க வேண்டிய திசை.

பலகையில் சதுரங்கக் கட்டம் போட்டதுபோல மாறி மாறி ஓட்டை விழுந்த துண்டும் கிடைக்கலாம். அது 'ஆர் ஒய் ஆர் ஒய்' என்று திரும்பத் திரும்பத் தட்டிய சோதனை நாடா. ஆர் ○● · ○●○, ஒய் ●○ · ●○●. ஒன்றில் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் மற்றதில் வெறுமை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அனுப்பினால் ஐந்து இடமும் ஒவ்வொரு முறையும் மாறியே ஆக வேண்டும். லைனிலோ மெஷினிலோ குறை இருந்தால் உடனே காகிதத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு ஓட்டை: யாருடைய குறியீடு?

எட்டு ஓட்டை நாடாவில் சின்ன வரிசைக்கு ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஐந்து. இங்கே ஒரே அகலத்தில் பல குறியீடுகள் உண்டு, அதனால் அவசரப்படக் கூடாது. 1963-இல் வெளியாகி 1967-இல் திருத்தப்பட்ட ஆஸ்கி என்ற கணினி எழுத்துக் குறியீடுதான் மிகவும் பரவியது. ஆஸ்கியில் ஏழு இடம் எழுத்துக்கு. எட்டாவது இடம் பெரும்பாலும் சரிபார்ப்புக்கு, மொத்த ஓட்டை இரட்டைப்படையில் வரும்படி அதைக் குத்துவார்கள் அல்லது விடுவார்கள். ஏ என்ற எழுத்துக்கு ஒன்றாவது, ஏழாவது இடங்களில் ஓட்டை. இரண்டு ஓட்டை என்பதால் எட்டாவது இடம் வெறுமை. சி என்ற எழுத்துக்கு இன்னொரு ஓட்டை கூடி மூன்றாகிவிடுவதால் எட்டாவதையும் குத்துவார்கள். சில மெஷின்களில் எட்டாவது இடம் எப்போதும் குத்தப்பட்டே இருக்கும், அப்படியானால் அதில் சரிபார்ப்பு எதுவும் இல்லை.

குறுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் ஓட்டைகளை எண்ணிக்கொண்டே போங்கள். எப்போதும் 2, 4, 6 என்று வந்தால் ஆஸ்கிதான் என்று பெரும்பாலும் நம்பலாம். எப்போதும் 1, 3, 5 என்று வந்தால் நாடாவில் உள்ள ஆணைப்படி தானாக ஓடும் எண் கட்டுப்பாட்டு லேத், மில்லிங் மெஷின்களுக்கான இ.ஐ.ஏ. (அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம்) குறியீடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் சரிபார்ப்பு ஓட்டை எட்டாவது இடத்தில் இல்லை, ஐந்தாவது இடத்தில். எட்டாவது இடத்தில் தனியாக ஓர் ஓட்டை மட்டும் அவ்வப்போது தலைகாட்டினால் அது ஒரு வரி ஆணை முடிந்ததற்கான குறி. பட்டறையில் எண்ணெயும் தூசியும் பட்டுக் கிழியாமல் இருக்க இவற்றைப் பிளாஸ்டிக் நாடாவிலும் குத்தினார்கள். கிழித்துப் பார்த்தால் கிழியாத நாடா என்றால் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து கிழித்துப் பார்க்காதீர்கள், ஓரத்தை விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

எல்லா இடத்திலும் ஓட்டை விழுந்த வரிசை என்று முன்பே சொன்னேன் அல்லவா? நாடாவில் தப்பாகக் குத்திய ஓட்டையை அடைக்க வழியில்லை. மேலும் ஓட்டை போடத்தான் முடியும். அதனால் ஒரு எழுத்து தப்பாகிவிட்டால் நாடாவை ஓர் எழுத்து தூரம் பின்னே இழுத்து அத்தனை இடத்தையும் குத்திவிடுவார்கள். ரீடர் அதைப் பார்த்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். ஆஸ்கியில் அழிப்புக் குறிக்கு 127 என்ற எண் கிடைத்தது இப்படித்தான்: ஏழு இடமும் ஓட்டை. ஐந்து ஓட்டை முறையில் இதே வேலையை எழுத்துச் சாவி செய்தது. எழுத்து நிலையில் இருக்கும்போது அது எத்தனை முறை வந்தாலும் காகிதத்தில் எதுவும் அச்சாகாது.

இனி மெஷின்

மெஷினைக் கண்டால் முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். மூன்றே வரிசை, எண்கள் எழுத்து விசைகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன என்றால் அது ஐந்து ஓட்டை மெஷின். எழுத்து, எண் என்று மாற்றும் இரண்டு விசைகள் தனியாக இருக்கும். ஜெர்மன் மெஷினாக இருந்தால் அவற்றில் 'பு', 'ட்ஸி' என்ற சுருக்கங்களைக் காணலாம். நான்கு வரிசை இருந்தால் மட்டும் ஆஸ்கி என்று முடிவு கட்டாதீர்கள், ஐரோப்பிய ஐந்து ஓட்டை மெஷின்களிலும் நான்கு வரிசை உண்டு. 'கண்ட்ரோல்' விசை, 'ரப் அவுட்' (அழிப்பு) விசை இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆஸ்கி.

அமெரிக்க மெஷின்களில் டெலிடைப் மாடல் 15 கனத்த இரும்புப் பெட்டி, 1930-இல் வந்தது, ஐந்து ஓட்டை முறை. அதோடு நாடா குத்தியும் ரீடரும் சேர்ந்து ஒரே மேசையில் இருந்தால் மாடல் 19. 1963-இல் வந்த மாடல் 32-உம் மாடல் 33-உம் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பிபோல இருக்கும். 32-இல் ஐந்து ஓட்டை, மூன்று வரிசை. 33-இல் எட்டு ஓட்டை, நான்கு வரிசை. இந்த 33-தான் கணினிக்காரர்களின் செல்லம். வினாடிக்குப் பத்து எழுத்து, பெரிய எழுத்து மட்டும். இடப்பக்கம் நாடா குத்தியும் ரீடரும் இருந்தால் ஏ.எஸ்.ஆர்., விசைப்பலகை மட்டும் இருந்தால் கே.எஸ்.ஆர்., விசைப்பலகையே இல்லாமல் அச்சடிக்க மட்டும் செய்தால் ஆர்.ஓ. இங்கிலாந்தின் குரோய்டனில் செய்த கிரீட் மாடல் 7, ஜெர்மனியின் சீமென்ஸ் டி 100 ஆகியவை ஐந்து ஓட்டை வகை.

நம் ஊரில் கிடைக்கும் மெஷினில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பெயர் இருக்க வாய்ப்பு நிறைய. 1960-இல் தொடங்கி, சென்னை கிண்டியில் இயங்கிய அரசு நிறுவனம் அது. இத்தாலியின் ஒலிவெட்டி தொழில்நுட்ப உதவி தந்தது. மேலே நாம் படித்த 'மெட்ராஸ் 32' முகவரியை அதற்காகத்தான் எடுத்துக்கொண்டேன். தேவநாகரி எழுத்தில் அச்சடிக்கும் டெலிபிரிண்டர்களும் அங்கே தயாராயின.

ஒரு வேண்டுகோள்: கிடைத்த அன்றே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்க மெஷினின் மோட்டார் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். மாடல் 33-இல் எழுத்துச் சக்கரத்தை அடிக்கும் சுத்தியலின் முனையில் சின்ன ரப்பர் தொப்பி இருக்கிறது. இத்தனை ஆண்டில் அது பிசுபிசுவென்று உருகிப்போயிருக்கும். அப்படியே ஓட்டினால் வெறும் உலோகம் சக்கரத்தை அடித்து எழுத்துகளைச் சிதைத்துவிடும். அந்தச் சக்கரத்துக்கு மாற்று கிடைப்பது கடினம்.

மூடியைத் திறந்தால் இன்னொன்றையும் தேடுங்கள். ஒரு சின்ன உருளை, அதன் மேல் வரிசை வரிசையாகப் பற்கள், சில இருக்கும், சில இருக்காது. 'நீ யார்?' என்று மறுமுனை கேட்டால் தானாகப் பதில் சொல்லும் உறுப்பு இது. ஆள் இல்லாத நேரத்திலும் செய்தி சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று அனுப்புபவர் தெரிந்துகொள்ள இது உதவியது. பல் இருப்பதும் இல்லாததும் அதே ஐந்து ஓட்டைக் கணக்குதான். இந்திய டெலக்ஸ் மெஷினாக இருந்தால் பதிலின் கடைசியில் 'ஐ', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் வர வேண்டும்: ○● · ●○○, ○○ · ●●○. முன்னே உள்ள எண் 041 என்று தொடங்கினால் அந்த மெஷின் மெட்ராஸில் இருந்தது. வீட்டில் பழைய கம்பெனி லெட்டர்ஹெட் ஏதாவது இருந்தால் 'டெலக்ஸ்' என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். மெட்ராஸ் கம்பெனியானால் அதே 041 அங்கேயும் இருக்கும்.